காரைதீவிலிருந்து தினமும் கல்லடிக்குப் போய்வந்துகொண்டு எலெக்ட்ரோனிக் இசை பழகுவது எப்படி?

சுருதிப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில வாய்ப்பாட்டு படிக்கிறன். விடுதியில இல்லை, காரைதீவில இருந்து தினமும் பஸ்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகுது. படிப்போட சேர்த்து எலெக்ட்ரோனிக் இசை செய்யவும் அதை மேடையில வாசிக்கவும் பழகுறன்.

கையில இருக்கிறது 8 ஜிபி ரம் உள்ள விண்டோஸ் லெப்டொப், அன்ட்ரொய்ட் போன், 25 கீ உள்ள சின்ன மிடி கீபோர்ட் (வாசிக்கிற சுரத்தைக் கணினிக்குச் சொல்லுறது), அதோட வந்த ஏபிள்டன் லைவ் லைட் எண்ட இசை மென்பொருள், ஒரு ப்ளூடூத் இயர்போன். மழை நாளில லெப்டொப்பைக் கொண்டுபோறதில்லை. பகலில தோழியிட கணினியில செய்துபோட்டு, இரவு வீட்டில என்டதில தொடருறன்.

பஸ் நேரத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்? தோழியிட கணினியில செய்ததை வீட்டில திறந்தா சாம்பிள் காணேல்ல எண்டு வருது, அதுக்கு என்ன வழி? கீபோர்ட்டில கமகம் (சுரத்தை அசைச்சு, வழுக்கிப் பாடுறது) வருமா?

எல்லாத்தையும்விட அவசரம் இது: வாற மாசம் மேடையில 20 நிமிஷம் வாசிக்கணும். ஒத்திகைக்கு வந்த சவுண்ட்ஸ்காரர் லெப்டொப்பிட ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு வயர் எடுத்து மிக்ஸரில குத்தினார். ஹெட்போனில எல்லாம் சரியாக் கேட்டது. ஸ்பீக்கரில பதிஞ்ச குரலும் கிக் ட்ரம்மும் பேஸும் இல்லாமப் போய், குரலிட எதிரொலி மட்டும் எங்கயோ தூரத்தில கேட்டது. ஏன்?

வயர்க்கட்டு

தங்கச்சி, உங்கட பாட்டில பிழை இல்லை, வயரிலதான். அந்த வயரிட ஒரு முனை 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஜக், மற்ற முனை ஒற்றை எக்ஸ்எல்ஆர், மைக் வயரில வாற மூணு முள் பிளக். இடது சத்தம் 2ஆம் முள்ளுக்கும் வலது சத்தம் 3ஆம் முள்ளுக்கும் போகும். மிக்ஸரிட மைக் இன்புட், 2இல் வாறதில இருந்து 3இல் வாறதைக் கழிச்சு எடுக்கும். வெளியிரைச்சலை நீக்குறதுக்காக அப்படி அமைச்சிருக்கு. குரல், கிக், பேஸ் எல்லாம் நடுவில இருக்கிற சத்தங்கள், இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி வரும். ஒண்டில இருந்து ஒண்டைக் கழிச்சா மிச்சம் பூச்சியம். ரெண்டு பக்கமும் வேறுபடுற எதிரொலியும் அகலமான சின்த் (சின்தசைசர்) ஒலியும் மட்டும் தப்பும். நீங்க கேட்டது அதுதான்.

சரியான வழி: ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ, மற்றப் பக்கம் ரெண்டு 6.35 மோனோ ஜக் உள்ள ஒய் கேபிள் ஒண்டு வாங்குங்க. மேடைக்குப் பக்கத்திலயே மிக்ஸர் இருந்தா ரெண்டு லைன் இன்புட்டில குத்தி, ஒண்டை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் திருப்பச் சொல்லுங்க. மிக்ஸர் சனத்துக்குப் பின்னால தூரத்தில இருந்தா அந்த ரெண்டு ஜக்கையும் ரெண்டு டிஐ பொக்ஸில (சத்தத்தை இரைச்சல் வாங்காமத் தூரத்துக்கு அனுப்ப மாத்துற சின்னப் பெட்டி) குத்தி, அதில இருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளை மிக்ஸருக்கு விடணும். ஐந்து மீற்றருக்கு மேல சாதாரண ஜக் கேபிளை இழுத்தா லைற், ஃபேன், ஜெனரேற்றர் எல்லாத்திட இரைச்சலையும் அது வாங்கும்.

"ஒரு சனல்தான் மிச்சம்" எண்டு சொல்லுவாங்க, எங்கட பக்க விழாக்களில அடிக்கடி நடக்கிறது. அப்ப லைவில மாஸ்டர் ட்ராக்கில யூட்டிலிட்டி எண்ட எஃபெக்டைப் போட்டு, இடது வலதை ஒண்டாக்குற மோனோ பொத்தானை அமத்துங்க, ஒய் கேபிளிட இடது ஜக்கை மட்டும் குடுங்க. இடது வலது வயரை நேரடியா முறுக்கி ஒண்டாக்க வேணாம், ரெண்டு அவுட்புட்டும் ஒண்டோட ஒண்டு மோதும். சேர்த்தே ஆகணுமெண்டா ஒவ்வொரு வயரிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்டு பற்றவைச்சுச் சேர்க்கலாம்.

மிக்ஸரில 48 வோல்ற் ஃபன்டம் பவர் (மிக்ஸர் மைக்குக்கு அனுப்புற கரண்ட்) போட்டிருக்கா எண்டு கேளுங்க. நடுவில டிஐ இல்லாம எக்ஸ்எல்ஆரில குத்தினா அந்த வோல்ற் லெப்டொப்பிட ஹெட்போன் சேர்க்கிட்டுக்குள்ள போகலாம். உங்களுக்கு நடந்த மாதிரி வயர் போட்டா முதல் பார்க்கவேண்டியது இதைத்தான்.

"ம்ம்ம்" எண்டு 50 அல்லது 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தா சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. நிண்டா, டிஐ பொக்ஸில இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிச்சைத் தட்டணும், அல்லது மிக்ஸருக்கு கரண்ட் எடுத்த அதே போர்ட்டில இருந்து சார்ஜருக்கும் எடுக்கணும். பிளக்கிட எர்த் முள்ளைக் கழற்றுறது, 13 அம்பியர் சொக்கற்றில பேனா முனையைக் குத்தி ரெண்டு முள் பிளக்கைச் செருகுறது, ரெண்டையும் யார் செய்ய வந்தாலும் விடாதீங்க. மழையில நனைஞ்ச மேடையில மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது நீங்கதான்.

கரைவழி

மேடைக்கான பதில் முழுதாக வந்துவிட்டது. பஸ்ஸும் கோப்புகளும் பற்றி நான் எழுதுகிறேன்.

பஸ்ஸில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: ஒலி அளவைப் பற்றிய முடிவு. எஞ்சினும் சில்லும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். கிக்கும் பேஸும் அதே இடத்தில்தான். இரைச்சல் அவற்றை மூடிவிடுவதால் பேஸ் போதவில்லை என்று தோன்றும், கூட்டுவீர்கள். வீட்டில் போட்டால் அது மட்டுமே முழங்கும். பஸ்ஸிலேயே பாட்டும் போட்டிருந்தால் சுருதியைப் பற்றியும் முடிவெடுக்க முடியாது.

காது தேவைப்படாத வேலைகள் நிறைய இருக்கின்றன, பழகுபவர்கள் அவற்றைத்தான் தள்ளிப்போடுவார்கள். பதிந்த ஒலிகளை வெட்டிப் பெயரிடுவது, தாளக் கோலங்களை எழுதுவது, பாட்டின் பகுதிகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் போனிலேயே முடியும். அன்ட்ரொய்டில் கோவாலா சாம்ப்ளர் இதற்கு மிகவும் உகந்தது: மைக்கில் ஒலி எடுத்து, துண்டாக்கி, பட்டன்களில் தட்டி, வேவ் ஒலிக்கோப்பாக வெளியே எடுக்கலாம். ப்ளூடூத் இயர்போனை இதற்குப் பாவிக்க வேண்டாம். தட்டியது காதுக்கு வர 100 மில்லிசெக்கனுக்கு மேல், பலவற்றில் 200க்கும் மேல் ஆகும். அந்தத் தாமதத்தோடு தட்டிப் பழகினால் கை முந்தி அடிக்கப் பழகிவிடும், பிறகு திருத்துவது கடினம். வயர் உள்ள சாதாரண இயர்போன் போதும். போனில் ஜக் இல்லையென்றால் டைப் சி அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

இருக்கை கிடைக்காத நாளில் கேட்பதே பயிற்சி. உங்களுக்குப் பிடித்த எலெக்ட்ரோனிக் பாட்டொன்றை எடுத்து, எத்தனையாவது பாரில் கிக் வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே பேஸ் மாறுகிறது என்று எண்ணி போனில் குறியுங்கள். நிமிடத்துக்கு 120 அடி, நாலு அடி ஒரு பார் என்றால் ஒரு பார் 2 செக்கன், எட்டு பார் 16 செக்கன். ஆதி தாளம் போட்ட கைக்கு இந்த எண்ணிக்கை ஒரு கிழமையில் படியும். மாணவர்கள் பலர் எட்டு பார் லூப் ஒன்றைச் செய்துவிட்டு அதற்குமேல் நகரமுடியாமல் நிற்பதற்குக் காரணம், முழுப் பாட்டொன்றின் உருவத்தை ஒருதடவையாவது இப்படி எண்ணிப் பார்க்காததுதான்.

சத்தத்தைக் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு கிழமைக்கு 80 டெசிபல், 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 83இல் 20, 86இல் 10, 89இல் வெறும் 5. ஓட்டமாவடியோ அக்கரைப்பற்றோ, எங்கிருந்து வருபவரென்றாலும் பஸ் இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்டினால் 86ஐ இலகுவாகத் தாண்டுவீர்கள். பாடகிக்குக் காதுதான் முதல்.

இனி சாம்பிள் காணாமல் போவது. லைவ் புரொஜெக்ட் கோப்புக்குள் ஒலி இல்லை, ஒலி இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே உண்டு. தோழியின் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தால் வீட்டில் அந்த முகவரியே கிடையாது. எழும்புமுன் ஃபைல் மெனுவில் ‘கலெக்ட் ஓல் அன்ட் சேவ்’ கொடுங்கள், பிறகு முழு ஃபோல்டரையும் பென்ட்ரைவில் பிரதி எடுங்கள். பென்ட்ரைவிலேயே திறந்து வேலை செய்யாதீர்கள். அதை எக்ஸ்ஃபற் ஆக ஃபோர்மற் செய்தால் விண்டோஸிலும் மக்கிலும் எழுதலாம். ஃபற் 32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

இரண்டு கணினியிலும் லைவ் ஒரே வெர்ஷனாக இருக்கவேண்டும். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. பிளகின்களும் (லைவோடு சேர்த்துப் பாவிக்கும் கருவிகள்) அப்படியே: லைவுக்குள் இருப்பவை, அவற்றோடு இலவச சின்த்களான சேர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் போதும், இரண்டு இடத்திலும் நிறுவுங்கள். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழ் எழுத்தைக் கண்டால் திணறும் பழைய பிளகின்கள் உண்டு. பெயரிலேயே ராகம், கட்டை, வேகம் மூன்றையும் எழுதினால் மூன்று மாதம் கழித்தும் தேடவேண்டியிராது.

டேட்டாவில் அனுப்புவதானால் கணக்கைப் பாருங்கள். 24 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் எட்டு ட்ராக் என்றால் 500 எம்பி. ஃப்ளாக் ஆக மாற்றினால் தரம் குறையாமல் ஏறத்தாழப் பாதியாகும்.

சுருதிப்பெட்டி

வயர்க்கட்டு அண்ணா, கரைவழி, ரெண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. வயர் விசயம் இப்ப நல்லா விளங்குது. இரைச்சலை நீக்குற ஹெட்போன் வாங்கினா பஸ்ஸிலயும் மிக்ஸ் செய்யலாமா? கமகம் பற்றித் தெரிஞ்சவங்க யாரும் சொல்லுங்க. நான் பாடுறது ஐந்தரைக் கட்டை.

மருதமுனை நாநா

தங்கச்சி, அந்த ஹெட்போன் பேஸ் இரைச்சலைக் குறைக்கும், உண்மைதான். ஆனா அதிட சேர்க்கிட் சத்தத்தையும் தன்ட இஷ்டத்துக்கு வளைச்சுத்தான் தரும். அந்தக் காசுக்கு மூடின ஸ்டூடியோ ஹெட்போன் ஒண்டு எடுங்க. ஓடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் 35 ஓம், சோனி எம்டிஆர் 7506 63 ஓம், ரெண்டையும் லெப்டொப் ஓட்டையே தள்ளும். பேயர்டைனமிக் டிடி 770 எடுக்கிறதெண்டா 250 ஓம் எடுக்க வேணாம், லெப்டொப்பில சத்தம் போதாது. அதில 32, 80 ஓமிலயும் வருது.

கரைவழி சொன்னதில ஒண்டுக்கு நான் முழுசா ஒத்துப்போகமாட்டன். பஸ்ஸில அளவு பார்க்க ஏலாது எண்டாலும், முடிச்ச பாட்டை அங்க ஒருக்காக் கேட்டுப் பார்க்கிறது நல்லது. அந்த இரைச்சலுக்குள்ள சொல் விளங்குதா, மெட்டுக் கேட்குதா எண்டு பாருங்க. விளங்கல்லையெண்டா நடு அலைவரிசையில நெருக்கம் இருக்கு. திருத்துறது வீட்டில.

இனிக் கமகம். ஐந்தரைக் கட்டை எண்டா ஜி ஷார்ப். கீபோர்ட்டிட ட்ரான்ஸ்போஸை அதுக்கு வைச்சிட்டு சி கீயை சட்ஜமா வாசிங்க, விரல் எந்தக் கட்டையிலயும் ஒரே இடத்தில நிக்கும். தம்புரா ஆப்பில ஏ 440 ஹேர்ட்ஸ் எண்டு பாருங்க, இல்லாட்டி சின்த்தோட உரசும்.

பிட்ச் பென்ட் (சுரத்தை மேல கீழ வளைக்கிறது) பெரும்பாலும் மேல ரெண்டு, கீழ ரெண்டு அரைச்சுரம் எண்டுதான் வரும். தோடியிட சாதாரண காந்தாரம் சட்ஜத்தில இருந்து மூணாவது அரைச்சுரம். அதை நடுவில வைச்சு ரெண்டு பக்கமும் ரெண்டு அசைச்சா கீழ சுத்த ரிஷபம், மேல சுத்த மத்திமம், அந்தக் கம்பிதத்துக்கு (சுரத்தை அசைக்கிற கமகம்) அளவான இடம். சட்ஜத்தில இருந்து பஞ்சமத்துக்கு ஜாரு (வழுக்கல்) போறதெண்டா ஏழு வேணும், அப்ப சின்த்தில 12 எண்டு மாத்துங்க. கூட்டினா சுருதி படிபடியா உடையும் எண்டு பயப்பட வேணாம், பென்டுக்கு 16,384 படி இருக்கு.

பொதுவா வாற பிழை என்னெண்டா, சுருதியையும் மெட்டையும் ஒரே ட்ராக்கில வாசிக்கிறது. பென்ட் அந்த ட்ராக்கில இருக்கிற எல்லாச் சுரத்தையும் சேர்த்து இழுக்கும், சுருதியே ஆடும். வேற ட்ராக்கில வைங்க. மெட்டுச் சின்த்தை மோனோ (ஒரு நேரத்தில ஒரு சுரம்), லெகாட்டோவில (சுரங்களை விடாமத் தொடுத்து) வைச்சு, போர்ட்டமென்டோ (சுரத்துக்குச் சுரம் வழுக்கிற நேரம்) 60 தொடக்கம் 120 மில்லிசெக்கன் குடுங்க. கீபோர்ட்டிட ஜொய்ஸ்டிக்கோ சில்லோ ஸ்பிரிங்கில திரும்பி வரும், கமகம் முடியிற இடத்தில அந்தத் துள்ளல் கேட்கும். அதால நீட்டுக் கமகத்தை வாசிச்சுப் பதியாம, கிளிப்புக்குள்ள பென்ட் கோட்டை மவுஸால வரையுங்க. நேரம் எடுக்கும். ஆனா கோட்டை வரையும்போதுதான் ஒரு கமகம் எங்க தங்குது, எங்க வழுக்குது எண்டு கண்ணுக்குத் தெரியும். பாடுறவங்களுக்கு அது பெரிய பாடம்.

குரலில இருந்து மிடி எடுத்துத் தாறோம் எண்டு சொல்லுற வசதிகள் கம்பிதத்தைச் சின்னச் சின்னச் சுரமா நறுக்கித் தரும், அதை நம்பாதீங்க. சுருதி திருத்துற எஃபெக்டும் வேகமா வைச்சா கமகத்தைத் தட்டையாக்கிப்போடும்.

இன்னொண்டு. சின்த்திட அந்தரகாந்தாரம் 400 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). தம்புராவிட சட்ஜத்துக்குள்ள இயல்பாக் கேட்கிறது 386 சென்ட். உங்கட கட்டையில அந்தக் காந்தாரத்தை நீட்டிப் பிடிச்சா செக்கனுக்கு எட்டுத் தடவை அளவில அதிரும். பாட்டு நல்லா இருக்க, ஏனோ கூசுற மாதிரி இருக்கும். சேர்ஜ் எக்ஸ்டியில ஸ்காலா ட்யூனிங் கோப்பு ஏத்தி அந்தச் சுரத்தை 14 சென்ட் இறக்கலாம். உங்கட குரலையே சாம்பிள் ஆக்கினா இந்தச் சிக்கல் ஒண்டும் இல்லை. வாய்ப்பாட்டு படிச்ச பிள்ளை கையில இருக்கிற மிகப் பெரிய சாமான் அதுதான், அதை முன்னுக்கு வைங்க.

வயர்க்கட்டு

20 நிமிஷத்துக்கு மறுகா வாறன்.

8 ஜிபி மெஷினில சின்த் எல்லாத்தையும் மேடையில உயிரோட ஓட்ட வேணாம். சுருதி, தாளம், பேஸ், மெட்டு எண்டு நாலு கூட்டமாப் பிரிச்சு ஓடியோவா எடுத்து, கிளிப்பா அடுக்குங்க. கையால வாசிக்கிறது ஒரு சின்த், தட்டி வாசிக்கிற ஒரு பாட் கிட், ரெண்டு மட்டும். பஃபரை (கணினி ஒரு தடவையில சேர்த்து அனுப்புற ஒலித்துண்டிட அளவு) 128 வைச்சா 44.1 கிலோஹேர்ட்ஸில ஏறத்தாழ 3 மில்லிசெக்கன், 256இல 6. சத்தம் வெடிச்சா 256க்குப் போங்க. அதுக்கு மேல போனா தட்டுற கைக்குத் தெரியும். ஆசியோ ட்ரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கிற மென்பொருள்) இல்லாத லெப்டொப்பெண்டா ஆசியோ4ஓல் போடுங்க.

குரலை லெப்டொப்புக்குள்ளால விட்டு ஸ்பீக்கருக்கு அனுப்பாதீங்க. மைக் நேரா மிக்ஸருக்குப் போகட்டும். எஃபெக்ட் வேணுமெண்டா மிக்ஸரிட ஒக்ஸ் (ஒரு சத்தத்தைத் தனியா வெளிய எடுக்கிற வழி) வழியா குரலை ஓடியோ இன்டர்ஃபேஸுக்கு (லெப்டொப்போட செருகுற ஒலிப் பெட்டி) எடுத்து, எதிரொலியை மட்டும் திரும்பக் குடுங்க. லெப்டொப் நிண்டாலும் நீங்க பாடிக்கொண்டே இருப்பீங்க, தாமதமும் குரலில கேட்காது.

விண்டோஸில ஏரோபிளேன் மோட், ஸ்லீப் இல்லை, மூடினா ஒண்டும் செய்யாதே, அப்டேற் நிறுத்தம், யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பென்ட் நிறுத்தம். பட்டறியில ஓடும்போது புரொசெசர் தன்ட வேகத்தைக் குறைக்கும், வீட்டில வராத வெடிப்பு மேடையில வாறதுக்கு அதுதான் வழமையான காரணம். ஒருக்கா சார்ஜரைக் கழற்றிப்போட்டு முழு 20 நிமிஷமும் ஓட்டிப் பாருங்க. லேட்டன்சிமொன் எண்ட இலவச மென்பொருள் எந்த ட்ரைவர் இழுக்குது எண்டு காட்டும், அநேகமா வைஃபைதான்.

மிக்ஸில, சின்த்தை அகலமாக்கினதை மோனோவில ஒருக்காக் கேளுங்க. குழாய் ஸ்பீக்கர் கட்டின இடமெண்டா 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ பெரிசா ஒண்டும் வராது. 55 ஹேர்ட்ஸ் பேஸுக்குக் கொஞ்சம் சற்றுரேஷன் (ஒலியைச் சற்றுக் கரகரப்பாக்குற எஃபெக்ட்) குடுத்தா 330, 385 எண்டு மேல்சுரங்கள் வரும், காது அடிச்சுரத்தைத் தானா நிரப்பும். கிக்குக்கு 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் ஒரு தட்டு வேணும்.

கல்லடிக் கடற்காத்து உப்பு. ஜக் பச்சை பிடிச்சா ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட துணியால துடைங்க. மார்கழி மழையில பேக்குக்குள்ள தண்ணி புகாத இன்னொரு பை, அதுக்குள்ள சிலிக்கா ஜெல். ஏசி அறையில இருந்து வெளிய வந்து உடனே திறந்தா குளிர்ந்த உலோகத்தில ஈரம் படியும், பைக்குள்ளயே அரை மணித்தியாலம் விட்டுத் திறங்க.

போனில முழு 20 நிமிஷத்தையும் வேவ் ஆ வைச்சு, இன்னொரு சனலில குத்தி, சத்தத்தை இறக்கி வைங்க. லெப்டொப் விழுந்தா அதை ஏத்தலாம்.

சுருதிப்பெட்டி

அண்ணா, நாநா, எல்லாம் எழுதி வைச்சிட்டன். குரலோட சேர்த்துக் கூத்து மத்தளத்தையும் சாம்பிள் எடுக்கலாமெண்டு யோசனை. எப்படிப் பதியிறது?

கரைவழி

கூத்து வடமோடி, தென்மோடி எதுவென்றாலும் முதலில் அதைப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேளுங்கள், எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லி, பாட்டில் அவர் பெயரைப் போடுவதாகவும் சொல்லுங்கள். போனையே வைக்கலாம், ஆனால் குரல் பதியும் ஆப் வேண்டாம். வேவ் ஆகப் பதியும், தானாக அளவைக் கூட்டிக் குறைக்காத ஆப்பாக இருக்கவேண்டும். மத்தளத்திலிருந்து 40 சென்றிமீற்றர் தள்ளி, இரண்டு முகத்துக்கும் நடுவே வையுங்கள். பலத்த அடியிலும் ஆப்பின் ஒலி மீற்றர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது.

ஒவ்வொரு மத்தளச் சொல்லையும் மெல்லியது, நடு, பலத்தது என்று மூன்று அளவில், அளவுக்கு நாலு தடவை அடிக்கச் சொல்லுங்கள், அடிகளுக்கிடையில் ஒலி முழுதாக அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்பப் போட்டால் இயந்திரம் தட்டுவதுபோல் கேட்கும். நாலையும் மாறிமாறி வரவைத்தால் அது போய்விடும். கடைசியில் தாளக்கட்டு முழுவதையும் ஒரே மூச்சில், மெட்ரோனோம் இல்லாமல் பதியுங்கள். கூத்தின் தாளம் போகப் போக வேகம் கூடுவது. லைவில் வார்ப்பை (ஒலியைப் புரொஜெக்டின் வேகத்துக்கு இழுக்கும் வசதி) நிறுத்திவிட்டு அதைக் கேட்டு, ஒவ்வொரு ஆவர்த்தனமும் எந்த வேகத்தில் போகிறது என்று குறித்து, உங்கள் புரொஜெக்டின் வேகத்தை அந்தக் குறிப்புக்கேற்ப ஏற்றுங்கள், மத்தளத்தை உங்கள் வேகத்துக்கு வெட்டாதீர்கள்.